கோடீஸ்வரன் கேட்ட சம்பள ஏற்றம்

தன்னாமுனையைச் சேர்ந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்குச் செல்லும் வீதியில், வாவியை அண்டிக் கிடக்கும் அக்கிராமத்தை நமது வாசகர் அறிவர். வந்தவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. அதனை வாசித்துப் பொருள் சொல்லுமாறு வேண்டினார். கடிதம் முழுவதும் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் அரசகரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெறாமையால் அவரது வருடாந்தச் சம்பள ஏற்றம் பிற்போடப்படுகிறது என்பதே அதன் சாரம். சிங்களம் தெரியாது என்பதற்காக ஒருவரது ஏற்றத்தை நிறுத்தும் அறிவித்தலை, அவர் அறியாத அச்சிங்களத்திலேயே எழுதி அனுப்பிய கொழும்புத் தலைமை அலுவலகம் எது என்பதை நாம் இங்கு சொல்லப்போவதில்லை. அவரது முறையீடு இன்னும் முடியவில்லை. நமது எழுத்தால் அதற்கு இடையூறு நேர்தல் ஆகாது.

கடிதத்தின் பொருளைக் கேட்டறிந்த பின்னர் அவர் கேட்ட கேள்விதான் இத்தலையங்கத்தை எழுதத் தூண்டியது. "ஐயா, இந்தச் சில நூறு ரூபாவுக்காக ஆரும் வழக்குப் பேசுவாங்களா?" என்றார்.

"பேசியிருக்கிறார்கள், தங்கச்சி. இலண்டன் வரைக்கும் போய்ப் பேசியிருக்கிறார்கள்" என்றோம்.

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. கோடீஸ்வரன் வழக்கு என்ற பெயரைச் சட்டம் படித்தோர் அறிவர். அரசாங்க சேவையில் இருக்கும் இன்றைய தமிழ் இளைஞருள் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே. பெயரோ கோடீஸ்வரன், வழக்கோ ஒரு லிகிதரின் ஏற்றத்தைப் பற்றியது. சட்டம் பயின்ற நாட்களில் இப்பொருத்தத்தைக் கண்டு நாமும் சிரித்ததுண்டு. வழக்கின் தீர்ப்புகளைப் படித்து முடித்தபோது சிரிப்பு எஞ்சவில்லை.

திரு. கோடீஸ்வரன் 1952ஆம் ஆண்டு பொது லிகிதர் சேவையில் நியமனம் பெற்றவர். அன்று நிருவாகம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் கடமையாற்றவே அவர் அமர்த்தப்பட்டார். நான்கு ஆண்டுகள் சென்றன. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. 1960 டிசம்பரோடு இடைமாறு காலம் முடிந்தது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த நமது மட்டக்களப்புக் கச்சேரியின் வாயிலுக்கும் வந்தது. ஏப்ரல் மாதத்தில் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டும் இராணுவத்தைக் கொண்டும் அதனை அடக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி திறைசேரி தனது 560ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. சட்டம் வருமுன்னரே சேவையில் சேர்ந்த பழைய உத்தியோகத்தரும் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், தவறினால் ஏற்றம் கிடையாது என்றது அச்சுற்றறிக்கை. வாயிலில் அமர்ந்தோரை அகற்றத் துப்பாக்கி வேண்டியிருந்தது. உள்ளே மேசையில் அமர்ந்தோரைப் பணியவைக்க ஒரு தாளே போதும் என எண்ணினர் போலும்!

கேகாலைக் கச்சேரியில் கடமையிலிருந்த கோடீஸ்வரன் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரல் முதலாம் திகதி அவருக்குச் சேரவேண்டிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கிட்டார். சுற்றறிக்கைக்குத் தாய் அரசகரும மொழிச் சட்டம். அச்சட்டமோ சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்த பாரபட்சத்தைச் செய்வது. ஆகவே தாயும் செல்லாது, பிள்ளையும் செல்லாது என்பதே அவர் தரப்பு வாதத்தின் முதுகெலும்பு. 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஒரு லிகிதரின் ஏற்றத்தை விசாரிக்கப் புகுந்த மாவட்ட நீதிமன்றம், நாட்டையே உலுக்கிய சட்டம் ஒன்றைச் செல்லாதெனக் கூறிற்று!

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடாமலே வழக்கைத் தள்ளியது. முடியின் ஊழியர் தமது சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாது என்றது நீதிமன்றம். ஆங்கிலேயரின் பழைய கோட்பாடு இது. ஊழியன் மன்னனின் விருப்பம் உள்ளவரை சேவையில் இருப்பவன். ஆகவே அவன் பெறுவது கூலியன்று, கொடை. கொடையைக் கேட்டு வழக்கிடுவது எங்ஙனம் என்பது அதன் தருக்கம். சுதந்திரம் பெற்று இருபது ஆண்டுகளை எட்டிக்கொண்டிருந்த நாட்டில், மாதம் முழுவதும் உழைத்த லிகிதருக்கு இந்த விடை கிடைத்தது.

வழக்கு பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1969 டிசம்பர் 11ஆம் திகதி டிப்ளொக் பிரபு அளித்த தீர்ப்பைச் சட்டமறியாதாரும் விளங்கிக்கொள்ளலாம். ஊழியரைச் சேவையிலிருந்து நீக்கும் உரிமை முடிக்கு இருக்கலாம். ஆனால் செய்து முடித்த வேலைக்கான சம்பளத்தைக் கொடாது வைத்துக்கொள்ளும் உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை. இலங்கையில் ஒப்பந்தக் கடனுக்காக முடிக்கு எதிராக வழக்கிடலாம் என்பது 1884ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்ட விடயம். இங்குள்ள சட்டம் ரோமன் டச்சு மரபில் வளர்ந்தது. ஆங்கிலக் கோட்பாட்டை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவின் உச்ச நீதிமன்றமும் 1954இல், பீகார் மாகாணத்தைச் சேர்ந்த அப்துல் மஜீத் என்ற பொலிஸ் சப் இன்ஸ்பெக்டரின் வழக்கில், சம்பள நிலுவைக்காக அரசின் மீது வழக்கிடலாம் என்றே தீர்ப்பளித்திருந்தது. ஆகவே சம்பளம் உரிமை. அது மன்னர் தரும் பரிசன்று. இன்று அரசாங்க சேவையில் இருக்கும் ஒவ்வொருவரும், சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிமாயினும், தமது சம்பளத்தை உரிமையோடு கேட்பதற்கு அந்தத் தமிழ் லிகிதருக்கு ஒரு சிறிது கடன்பட்டவரே.

ஆனால் அவர் கேட்ட மூலக் கேள்விக்கு விடை கிடைத்ததா? மொழிச் சட்டம் செல்லுமா என்பதை முதலில் இலங்கை உயர் நீதிமன்றமே ஆராயவேண்டும் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது பிரிவி கவுன்சில். வழக்கு கப்பலேறி வந்தது, விசாரணைதான் வரவில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் திகதி குடியரசு அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவே மறைந்துவிட்டது. வழக்காளி இருக்கிறார், எதிராளி இருக்கிறார், வழக்கு நின்ற தரைதான் இல்லை. உலக நீதிமன்றங்களின் வரலாற்றில் இப்படி அந்தரத்தில் விடப்பட்ட வழக்குகள் அதிகம் இரா.

அதனோடும் நின்றதா? 1972 அரசியலமைப்பு அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், நீக்கம், ஒழுக்காற்று ஆகியவற்றை நீதிமன்றங்கள் விசாரித்தல் ஆகாதென வேலி கட்டியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்வேலியைப் பேணியது. 2001இல் பதினேழாம் திருத்தத்தோடு வந்த 61அ உறுப்புரை, பொதுச் சேவை ஆணைக்குழுவும் அதன் அதிகாரம் கையளிக்கப்பட்ட உத்தியோகத்தரும் எடுக்கும் தீர்மானங்களை, நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையும் அடிப்படை உரிமை விசாரணையும் தவிர, வேறெந்த நீதிமன்றமும் கேள்வி கேளாதிருக்கச் செய்கிறது. உழைத்த சம்பளத்தை வெறும் கடனாகக் கேட்டு வழக்கிடும் உரிமை இன்னும் உண்டு என்பதே நமது கருத்து. ஆயினும் ஏற்றத்தை நிறுத்துவது ஒழுக்காற்றுத் தண்டனைகளுள் ஒன்றாகவும் இருக்கின்றமையால், எந்த நிறுத்தம் தண்டனை, எந்த நிறுத்தம் வெறும் விதிப்பிரயோகம் என்று வாதாடுவதிலேயே வழக்கின் பாதி ஆயுள் போய்விடும். மிஞ்சும் அடிப்படை உரிமை மனுவையோ கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றில், அதுவும் ஒரு மாதத்துக்குள் இட்டாக வேண்டும். 1962இன் லிகிதர் மாவட்ட நீதிமன்றப் படியேறித் தமது ஏற்றத்தைக் கேட்க முடிந்தது. இன்றைய தன்னாமுனை உத்தியோகத்தருக்கு அந்தப் படி அவ்வளவு அகலமாக இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1961இன் விதியும் இன்றைய விதியும் ஒன்றல்ல. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாம் திருத்தம் இரு மொழிகளையும் நிருவாக மொழிகளாக்கியது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதிக்குப் பின் சேவையில் சேருவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. பின்வந்த சுற்றறிக்கைகளும் அந்நெறியையே தொடர்ந்தன. இவ்விதி சிங்கள உத்தியோகத்தரைத் தமிழ் படிக்கச் சொல்கிறது. இதற்காக நாம் எத்தனை மேடைகளில் தொண்டை வரள முழங்கியிருக்கிறோம்! இன்று அதனை எதிர்ப்பது நமது வாயால் நம்மையே மறுப்பதாகும். கோடீஸ்வரன் நியமனம் பெற்றபின் நிபந்தனையை மாற்றினார்கள். நம்மிடம் வந்த சகோதரி நிபந்தனையை அறிந்தே கையொப்பமிட்டார். ஆகவே அவரது வழக்கு கோடீஸ்வரனின் வழக்கன்று.

அவரது வழக்கு வேறு. மொழி வகுப்புக்கு அவர் இரு முறை விண்ணப்பித்திருக்கிறார். இரு முறையும், அலுவலகத்தில் ஆள் போதாது என்று கூறி அவரை விடுவிக்க மறுத்திருக்கிறார்கள். மறுத்தமைக்கான கடிதங்களும் அவரிடம் உள்ளன. வகுப்புக்குப் போகவிடாத கையே, வகுப்புக்குப் போகவில்லை என்று ஏற்றத்தைப் பிற்போட்டிருக்கிறது. தன் தவறிலிருந்து தானே இலாபம் பெறல் ஆகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அரசகரும மொழி என்று அரசியலமைப்பு கூறும் தமிழில், அவரது சொந்தச் சம்பளத்தைப் பற்றிய கடிதத்தையேனும் எழுத இயலாத அலுவலகம், அவரது மொழித் தேர்ச்சியை அளக்கும் தகுதியை எங்கிருந்து பெற்றது? அக்கடிதத்தில் ஒப்பமிட்ட அதிகாரி தமிழில் தேர்ச்சி பெற்றுவிட்டாரா? அவரது ஏற்றம் ஒழுங்காகக் கிடைக்கிறதா?

"சில நூறு ரூபா" என்று அவர் சொன்னதையும் சற்று ஆராய்வோம். 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகவும், ஆகக்குறைந்த வருடாந்த ஏற்றத்தை 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவாகவும் உயர்த்துவதாக அறிவித்தது. முன்னிருந்த சில கொடுப்பனவுகளை அடிப்படையில் சேர்த்துக்கொண்டமையால் கைக்கு வரும் தேறிய உயர்வு 8,250 ரூபாவே. அதுவும் 2025 ஏப்ரல் தொடங்கி 2027 ஜனவரி வரை மூன்று கட்டங்களாகத்தான். கொடுப்பனவு அடிப்படைச் சம்பளமாவது ஓய்வூதியத்துக்கு நன்மை என்பதால் அதனை நாம் குறைகூறவில்லை. நாம் சொல்ல வருவது ஏற்றத்தின் தன்மையைப் பற்றி. கொடுப்பனவு இன்று வரும், நாளை நிற்கும். ஏற்றமோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்கல் போன்றது. ஐந்தாம் வரிசையில் ஒரு கல்லை எடுத்தால் அதற்கு மேலுள்ள வரிசைகள் அனைத்தும் ஒரு கல் தாழும். இருபத்தைந்து ஆண்டுச் சேவையில் ஒவ்வொரு மாதமும் அக்குறை தொடரும்; பின்னர் ஓய்வூதியத்திலும் வந்து அமரும். இருபத்தொன்பது வயதில் அவர் விட்டுக்கொடுக்கும் சில நூறு ரூபா, எழுபது வயதில் மருந்துக் கடையில் நிற்கும்போது அவர் கையில் இராது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிதன்று. மொழித் தேர்ச்சிக்காக ஏற்றத்தைப் பிற்போடுமுன், வகுப்புக்கு அவ்வூழியரை விடுவித்தோம் என்ற பதிவை அலுவலகத் தலைவர் காட்டவேண்டும். காட்ட முடியாவிடின் பிற்போடல் ஆகாது. விளக்கமளிக்க எழுத்தில் ஒரு சந்தர்ப்பம், அவரது மொழியில் அளிக்கப்படவேண்டும். வகுப்பும் பரீட்சையும் மட்டக்களப்பிலேயே, மாவட்டத்து ஊழியர் தொகைக்கு ஈடாக நடத்தப்படவேண்டும். ஒவ்வொரு திணைக்களத்திலும் தமிழில் தேர்ச்சி பெறாமைக்காக எத்தனை பேரின் ஏற்றம் நிறுத்தப்பட்டது, சிங்களத்தில் தேர்ச்சி பெறாமைக்காக எத்தனை பேரின் ஏற்றம் நிறுத்தப்பட்டது என்ற கணக்கைப் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். அக்கணக்கைக் கேட்டுப் பெறுவது கிழக்கிலிருந்து சென்ற நமது உறுப்பினர்களின் பொறுப்பு. விதி இரு பக்கமும் ஒரே அளவில் வெட்டுகிறதா என்பதை அதிலே காணலாம்.

சகோதரியின் மேன்முறையீட்டைத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி சென்றுள்ளது. இத்தகைய கடிதம் பெற்ற வேறு ஊழியர்கள் இருப்பின் அதனை நம்மிடம் கொண்டுவரலாம். வாசித்துச் சொல்லப் பணம் கேட்கமாட்டோம். கடிதத்தோடு அது வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள். உறையின் மேலுள்ள தபால் முத்திரைத் திகதியும் அதனை நீங்கள் கையேற்ற நாளும் முக்கியம். அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதம் நீங்கள் அறிந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை அங்கு நடக்கும் காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் மட்டக்களப்பிலேயே உண்டு. இதற்காகக் கொழும்புக்கு இரவுப் புகைவண்டி ஏற வேண்டியதில்லை.