பழி தண்ணீருக்கா?

"விடுதித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடி கொட்டுகிறது" என்று நம் சகோதரிகள் சொல்லக் கேட்கிறேன். தண்ணீர்மேல் பழி போட்டு, தைலத்தை மாற்றுவதோடு நின்றுவிடுவது சரியன்று என்பேன்.

கழுத்திலுள்ள தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் மிகுதியாகச் சுரந்தாலும் கூந்தல் உதிரும். பெண்ணுடலில் சிறிதளவே இருக்கவேண்டிய ஆண் ஹார்மோன் மிகுந்தால் வகிடு அகலும். மாதவிலக்குத் தவறலாம், முகத்தில் உரோமமும் அரும்பலாம். இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமே. கடுங்காய்ச்சல் கண்ட இரண்டு மூன்று மாதங்களில் உதிர்வதோ பெரும்பாலும் தானே நின்று மீண்டும் வளரும்.

இவற்றைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை உண்டு. தைலப் புட்டிக்கு அந்த அறிவு ஏது? சகோதரிகளே, வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மாணவ நண்பர்களே, வகிட்டைப் பார்த்து நகைப்பதை விடுங்கள். அந்த நகைப்புக்கு அஞ்சியன்றோ நோயை மறைக்கிறார்கள்!