வேனின் முகப்பில் ஒட்டியிருந்த குப்பை



கற்றல் கற்பித்தலைப் பற்றியும் மொழியைப் பற்றியும் எழுதிவரும் நான், இன்று வாகனத்தின் ரேடியேட்டரைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். 'இது பட்டறைக்காரரின் வேலையல்லவா, ஆசிரியைக்கு இதில் என்ன அக்கறை?' என்ற கேள்வி எழுவதும் இயல்பே. ஆனால், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அன்றாடம் வேனிலும் பேருந்திலும் ஏறித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்கள் வந்து சேர்வதும் வீடு திரும்புவதும் நமக்குத் தொடர்பில்லாத செய்திகள் ஆகிவிடுமா?

2019ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்வே இக்கட்டுரைக்குக் காரணம். அப்போது நான் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளி முடிந்து மகிழுந்தில் வீடு திரும்பும் வழியில், எங்கள் பள்ளி வேன் சாலையோரம் நின்றிருந்ததைக் கண்டேன். நண்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வேனுக்குள்ளேயே வியர்த்து வழிய அமர்ந்திருந்தனர். முன்புறத்திலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. வேன் ஓட்டுநர் ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க முற்பட்டார். நான் இறங்கி ஓடிச்சென்று தடுப்பதற்குள் மூடி திறந்துவிட்டது. கொதிநீர் பீறிட்டு அவருடைய முன்னங்கையில் கொட்டியது. நல்ல வேளையாக முகத்தில் படவில்லை. அருகில் பிள்ளைகள் எவரும் இல்லை.

பிள்ளைகளை ஒரு மரநிழலுக்கு அழைத்துச் சென்று, அவரது கையில் என்னிடமிருந்த நீரை ஊற்றினேன். பிறகு பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் வேனின் முகப்பைத் திறந்து காட்டியபோதுதான் எனக்கு உண்மை விளங்கியது. ரேடியேட்டரின் முன்பக்கம் முழுவதும் ஒரு கம்பளியைப் போர்த்தியது போல் அழுக்கு படிந்திருந்தது. லாலான் புல்லின் வெண்பஞ்சு, செத்த ஈசல்களின் சிறகுகள், செம்மண் புழுதி, செம்பனை நார், கிழிந்த நெகிழிப்பை ஒன்று. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து காற்றின் வழியை அடைத்துவிட்டன. பெரும் பழுது எதுவும் இல்லை. குப்பை, வெறுங்குப்பை!

இதை விளங்கிக்கொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்மம் உறிஞ்சி ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் அந்நீர்மம் ஓட, குழாய்களுக்கு இடையேயுள்ள அலுமினியத் தகடுகள் வெப்பத்தைக் காற்றில் கலக்கின்றன. அத்தகடுகளுக்கு இடையேயுள்ள இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. ஈசலின் ஒரு சிறகு போதும், ஓர் இடைவெளியை அடைத்துவிட.

இவ்வமைப்புக்கு நெடிய வரலாறு உண்டு. ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1901ஆம் ஆண்டில் அறிமுகமான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் மகிழுந்துக்குத் தேனடை வடிவிலான ரேடியேட்டரை உருவாக்கினார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் சதுரம். காற்று படும் பரப்பு பெருகப் பெருகக் குறைந்த நீரிலேயே எஞ்சினைக் குளிர்விக்க முடியும் என்பதே அவர் கண்ட வழி. நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் அடிப்படை மாறவில்லை. இடைவெளிகள் மேலும் சுருங்கிவிட்டன, அவ்வளவே. அதனால் குப்பையும் மேலும் எளிதாகச் சிக்கிக்கொள்கிறது.

இன்றைய வாகனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிரூட்டிக்குரிய கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருக்கும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது மட்டுமே தெரியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் சேரும் அழுக்கு கண்ணுக்குப் புலப்படாது. வெளியே தூய்மையாகத் தெரிகிறதே என்று நாம் மன நிறைவு கொள்கிறோம்.

நம் நாட்டுச் சூழல் இதற்கு எல்லா வகையிலும் துணைபோகிறது. தோட்டப்புறச் செம்மண் சாலைகள், மழைக்குப்பின் மொய்க்கும் ஈசல்கள், பழக்குலை ஏற்றிச் செல்லும் லோரிகளிலிருந்து உதிரும் நார், வறண்ட மாதங்களில் பறக்கும் பஞ்சு ஆகியவற்றை நாம் அறிவோம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய வெள்ளத்தில் நின்ற வாகனத்தை உள்ளே கழுவி, இருக்கைகளை வெயிலில் காயவைப்போர் பலர். ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே சேறு உலர்ந்து மண்கட்டியாகி இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சரி, நாம் என்ன செய்யலாம்? நான் மெக்கானிக்குகளிடம் கேட்டும் என் மகிழுந்தில் செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றைத் தருகிறேன்.

1. மாதம் ஒரு முறை, எஞ்சின் நன்கு ஆறியிருக்கும் காலை வேளையில், முகப்பு வலையின் வழியே கைவிளக்கு அடித்துப் பாருங்கள். இலை, நெகிழிப்பை போன்றவற்றைக் கையால் எடுத்துவிடலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது, அணைத்த பிறகும் மின்விசிறி திடீரென்று சுழலக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

2. நீரால் கழுவும்போது, இடமிருந்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கிக் கழுவுவதே முறை. முன்னாலிருந்து அடித்தால் குப்பை மேலும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். மகிழுந்து கழுவும் நிலையங்களில் உள்ள உயர் அழுத்த நீர்த்துப்பாக்கியை அருகில் வைத்து அடிக்காதீர்கள். தகடுகள் வளைந்து காற்றின் வழியை அவையே அடைத்துவிடும். சாதாரண நீர்க்குழாயும் மென்மையான தூரிகையும் போதும்.

3. பூச்சிகளைத் தடுக்கச் சிலர் முகப்பில் வலை கட்டுகிறார்கள். தோட்டப்புறச் சாலைகளில் இது பயன் தரும். ஆனால், கொசுவலை போன்ற நெருக்கமான வலை காற்றையும் சேர்த்தே தடுக்கும். சற்று அகன்ற கண்களுடைய கம்பிவலையே ஏற்றது. அதையும் அடிக்கடி கழற்றித் தட்டிவிட வேண்டும். வலையைக் கட்டிவிட்டு மறந்துபோவது, கட்டாமல் இருப்பதைவிடத் தீது.

4. குப்பை வெளியே மட்டும் சேர்வதில்லை. குழாய்நீரையே தொடர்ந்து ஊற்றி வந்தால் துருவும் உப்புப் படிவும் உட்புறக் குழாய்களை அடைக்கும். வாகன நூலில் குறிப்பிட்ட கூலண்டை மட்டும் பயன்படுத்துங்கள். வெவ்வேறு வகைக் கூலண்டுகளைக் கலந்தால் சில வேளைகளில் களிபோல் திரண்டுவிடும். கசிவை அடைக்கும் தூளைக் கொட்டிச் சமாளிப்பதும் நல்லதன்று. அத்தூள் நல்ல குழாயையும் அடைக்கக்கூடும்.

5. நெரிசலில் நிற்கும்போது மட்டும் குளிரூட்டியின் குளிர் குறைகிறதா? நகரத் தொடங்கியதும் மீண்டும் குளிர்கிறதா? காற்றோட்டம் தடைப்பட்டிருப்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பாக இருக்கலாம். வெப்பநிலை முள் வழக்கத்தைவிடச் சற்று ஏறி நின்றாலும் அப்படியே. சில புதிய மகிழுந்துகளில் முள்ளே இல்லை; எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு. அது சிவப்பாக ஒளிரும்போது எஞ்சின் ஏற்கெனவே மிகச் சூடாகிவிட்டது என்று பொருள்.

அப்படி நேர்ந்துவிட்டால், 'வீடு பக்கந்தானே, போய்விடலாம்' என்று எண்ணாதீர்கள். அந்தச் சில கிலோமீட்டரில்தான் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துபோகிறது. சில வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது. பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். நெடுஞ்சாலையாயின் பிள்ளைகளை இறக்கித் தடுப்புக்கம்பிக்கு அப்பால் நிற்கச் செய்யுங்கள். மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி அவ்வளவும் கொதித்துப் பீறிடும். எங்கள் வேன் ஓட்டுநருக்கு நேர்ந்தது அதுதான். சுட்ட இடத்தில் பற்பசை தடவுவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர்; அது தவறு. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

பெற்றோர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலண்டுகளில் பெரும்பாலானவை எத்திலீன் கிளைக்கால் கலந்தவை. அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. மிஞ்சிய கூலண்டைக் குடிநீர்ப் புட்டியிலோ பழச்சாற்றுப் புட்டியிலோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே கைவிடுங்கள். பச்சை நிறமும் இளஞ்சிவப்பு நிறமும் சிறு பிள்ளைகளின் கண்ணைக் கவரும்.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

காயம் ஆறிய பிறகு அந்த ஓட்டுநரிடம், "ஏன் அண்ணே, முன்னமே சுத்தம் செய்யக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "மாசம் பத்து வெள்ளி கூட்டிக் கேட்டா, பிள்ளைய வேற வேனுக்கு மாத்திடுறாங்க டீச்சர். வண்டிய ஒரு நாள் பட்டறையில விட்டா அன்னிக்குப் பிள்ளைங்கள யாரு ஏத்துவா? நானும் தள்ளித் தள்ளிப் போட்டுட்டேன்."

அவர் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் வாகனத்தைப் பேணியே ஆக வேண்டும். அதில் சமரசத்திற்கு இடமில்லை. ஆயினும், குறையை அவர் ஒருவர் தலையில் மட்டும் ஏற்றிவிட என் மனம் ஒப்பவில்லை. வேனைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் எத்தனை பேர் கட்டணத்தைத் தவிர வேறு ஏதாவது கேட்டிருக்கிறோம்? ஆசிரியர்களாகிய நாம், வேன் தாமதமாக வந்தால் ஓட்டுநரைக் கடிந்துகொள்கிறோமே தவிர, வேன் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வேனைக் கடந்துதான் என் மகிழுந்தை நிறுத்தினேன். முகப்பில் தொங்கிய நெகிழிப்பையைக் கண்டிருக்கக்கூடும். கண்டும் காணாமல் போயிருப்பேன்.

'வணிக வாகனங்களுக்குத்தான் கட்டாயச் சோதனை இருக்கிறதே' என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால், அச்சோதனை அன்றைய நாளின் நிலையைத்தான் காட்டும். மறுவாரமே ஈசல் கூட்டத்திற்குள் புகுந்து வரும் வேனுக்கு அந்தச் சான்றிதழ் என்ன செய்யும்? 'பெற்றோர் எதற்கு இதில் தலையிட வேண்டும்?' என்போரும் உண்டு. தலையிடுவது வேறு, துணை நிற்பது வேறு.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் முன் ஓர் எளிய கருத்தை வைக்கிறேன். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பள்ளிக்கு வரும் வேன் ஓட்டுநர்களை அழைத்து ஒரு மணி நேரம் கலந்துரையாடுங்கள். குற்றம் காண்பதற்காக அன்று. தேநீர் கொடுத்து, குறைகளைக் கேட்பதற்காக. பெற்றோர்களில் மெக்கானிக் ஒருவராவது இருப்பார்; அவரைக் கொண்டு வேன்களை ஒருமுறை பார்க்கச் செய்யுங்கள். பழுது பார்க்கப் பள்ளி விடுமுறை நாள்களை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நியாயமான கட்டண உயர்வைக் கேட்டால், எதற்காக என்று கேட்டறிந்து கொடுங்கள். ரேடியேட்டரைக் கழுவ ஆகும் செலவு, நம் பிள்ளைகள் வெயிலில் தவிக்கும் ஒரு மணி நேரத்திற்கு ஈடாகுமா?

ஆசிரியர்களும் இதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். வெப்பத்தைப் பற்றிய அறிவியல் பாடத்தின்போது, வெந்நீர் நிறைந்த இரு குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் துணியால் சுற்றுங்கள். மற்றொன்றின் மேல் விசிறிக் காற்றுப் படவிடுங்கள். இரண்டு நிமிடத்திற்கொரு முறை வெப்பமானியைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு மாணவர்களை வாகன நிறுத்துமிடத்திற்கு அழைத்துச்சென்று, எஞ்சின் ஆறி நிற்கும் ஒரு வாகனத்தின் முகப்பைக் காட்டுங்கள். துணி சுற்றிய குவளை எது என்று அவர்களே சொல்வார்கள். அன்று மாலை வீட்டில் அப்பாவின் மகிழுந்தை அவர்கள் குனிந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் அந்நிகழ்வுக்குப் பிறகு, அந்த வேனில் வந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தினமும் இறங்கியதும் வேனின் முன்பக்கம் சென்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் காய்ந்த செம்பனை ஓலை நார் ஒன்றை எடுத்துவந்து என்னிடம் காட்டி, "டீச்சர், இன்னிக்கு இதுதான் மாட்டியிருந்துச்சு" என்றான். அவன் கையிலிருந்த அந்த நாரைக் கண்டபோது, இத்தனை ஆண்டுகள் நான் பார்க்கத் தவறியதை எண்ணி வெட்கப்பட்டேன்.

அடுத்த முறை வேன் கட்டணம் செலுத்தும்போது, வேனின் முன்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.