விதைக்கு இரு நீதியா?

நெல்லை ஊறவைத்து, நீர்வடித்து, முளை வெடித்ததும் வயலில் வீசும் வித்தையை அக்கரைப்பற்று உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இன்றோ கைபேசியைத் திறந்தால், அறைக்குள் மின்விளக்கின்கீழ்க் கஞ்சா விதையை முளைக்கவைக்கும் பாடமும் நம் இளைஞருக்குக் கிடைக்கின்றது. பகலின் நீளத்தைப் பாராது தானே பூக்கும் இனமாம் அது! நெடிய கோடைப் பகலுடைய வடநாடுகளில் அக்குணம் உதவும். ஆண்டு முழுதும் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரப் பகலுள்ள இந்நாட்டில் அதனால் என்ன பெரும் பயன்?

இனம் எதுவாயினும் வழக்கு ஒன்றே. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம், உரிமமின்றி விதைப்பதையே தடுக்கின்றது. பூத்ததா, புகைத்தானா என்று அது கேளாது. "வேடிக்கைக்கு ஒரு சாடியில் நட்டேன்" என்பது நீதிமன்றத்தில் விடுதலை தரும் வாதமன்று. பெற்றோர் இதனை இன்றே பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆயினும் அரசிடமும் ஒரு கேள்வி உண்டு. ஏற்றுமதிக்கென மீரிகமவில் 64 ஏக்கரில் கஞ்சா பயிரிட அயல்நாட்டு முதலீட்டாளருக்கு 2025இல் அனுமதி வழங்கப்பட்டதே! பெருமூலதனத்துக்குத் திறந்த கதவு உள்நாட்டு உழவனுக்கு மூடிக்கிடப்பது எந்த நியாயத்தில்? கண்காணிப்புக்கு உட்பட்டு, ஆயுர்வேதத் தேவைக்கேனும் உழவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமம் வழங்கலாமா? வழங்க இயலாதெனின், அதற்குரிய காரணத்தைப் பாராளுமன்றத்தில் எழுந்து சொல்லட்டும்.