சளிக்கு ஏது ஞாயிறு?

நுரையீரல் அறுவை சிகிச்சை வார்டிலும் ஐ.சி.யூ.விலும் இனி வார நாள்களில் மட்டுமே பிசியோதெரபி என்று தனியார் மருத்துவமனை ஒன்று எடுத்திருக்கும் முடிவின் பின்னணி எங்கள் பிசியோதெரபிஸ்ட் சங்கத்தின் உறுப்பினர்கள் அறிந்ததே. சுற்றறிக்கை, மனு, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. இதற்குக் காரணமான நிர்வாகத்தின் நிதி நெருக்கடியைச் சங்கம் மறுக்கவில்லை. முடிவை ஏற்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை நெஞ்சைத் திறந்து நுரையீரலின் ஒரு மடலை எடுத்த நோயாளி மாலையில் எப்படி இருப்பார்? விலா எலும்புகளுக்கு இடையே போட்ட வெட்டு வலிக்கும். வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக இழுப்பார், இருமலை அடக்குவார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும். சளி கெட்டிப்பட்டு மூச்சுக்குழாயை அடைக்கும். அங்கே கிருமி சேர்ந்தால் நிமோனியா. இன்னும் முற்றினால், எடுத்த சுவாச டியூபை மீண்டும் போட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இதைத் தொடக்கத்திலேயே தடுக்கப் பார்க்கிறார். வலி மருந்து வேலை செய்யும் நேரம் பார்த்து நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்கிறார். காயத்தின் மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லி, வாயைத் திறந்து ‘ஹா’ என்று காற்றைத் தள்ள வைத்துச் சளியை மேலே கொண்டுவருகிறார். நெஞ்சில் பொருத்திய டிரெயின் பாட்டிலோடு நடக்க வைக்கிறார். இதையெல்லாம் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போடலாம் என்று கையெழுத்திட்டவர்கள், திங்கள் காலை எக்ஸ்ரேயையும் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

மூச்சை இழுத்துப் பழகும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்தால் போதாதா என்கிறார்கள் நிர்வாகத்தினர். நுரையீரல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 180 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கும் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. இரு பிரிவினருக்கும் பிசியோதெரபி கிடைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

‘பிசியோதெரபியால் பலனில்லை என்று ஆய்வே சொல்கிறதே’ என்பது அடுத்த வாதம். 2022-இல் வந்த ‘டீம்’ (TEAM) என்ற ஆய்வைத்தான் சொல்கிறார்கள். வென்டிலேட்டரில் இருந்த 750 பேரைச் சேர்த்த அந்த ஆய்வில், முன்கூட்டியே கூடுதலாக இயங்க வைத்ததால் நன்மை கூடவில்லை. பாதகமான நிகழ்வுகள் அதிகரித்தன. அந்த எச்சரிக்கையைச் சங்கம் மதிக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை ஐ.சி.யூ. மருத்துவரோடு கலந்தே முடிவு செய்வது உசிதம். ஆனால் அங்கே ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 21 நிமிட இயக்கப் பயிற்சி, மற்றதற்கு 9 நிமிடம். கூடுதலையும் குறைவையும் ஒப்பிட்டார்கள். சிகிச்சையே இல்லாத நிலையை யாரும் பரிசோதிக்கவில்லை. 9-ஐப் பூஜ்யம் என்று வாசிப்பவர்களிடம் சங்கம் என்ன பேசுவது? லண்டனில் நடந்து 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறக்குறைய 18 சதவீதம் கரைந்திருந்தது. இதை ஏன் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை?

வார இறுதியில் இந்த வேலையையும் செவிலியர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கும் அநியாயம். பிசியோதெரபிஸ்ட்களின் விடுமுறை நாள் படி குறித்துத் தனியே பேசலாம்.

சனி, ஞாயிறு இரு நாளும் ஐ.சி.யூ.வுக்கும் அறுவை சிகிச்சை வார்டுக்கும் சேர்த்துக் குறைந்தது ஒரு பிசியோதெரபிஸ்ட்டாவது பணியில் இருக்க வேண்டும்; இரவில் அழைத்தால் வர ஒருவர் வேண்டும். அதுவரை, ஒவ்வொரு வார இறுதிக்குப் பிறகும் எத்தனை பேருக்கு மீண்டும் டியூப் போடப்பட்டது என்ற கணக்கை நிர்வாகம் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.