தமிழ் படிக்க வந்தவரிடம் இங்கிலீஷ் பேசலாமா?

எங்கள் அத்தை வீட்டு மாடி அறை காலியாகி இரண்டு வாரம் ஆகிறது. அமெரிக்காவிலிருந்து தமிழ் படிக்க வந்த ஒரு அக்கா இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தார். அவரை வழியனுப்பிவிட்டு வந்ததிலிருந்து மனசுக்குள் ஒரு உறுத்தல். அதைக் கொட்டித் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1961-ல் தொடங்கப்பட்ட 'அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ்' என்ற அமைப்பு இந்தியாவின் பல ஊர்களில் மொழி வகுப்புகள் நடத்துகிறது. தமிழுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் மதுரை. பெர்க்லி, சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இது மாதிரியான கோடைக்காலப் படிப்புக்கு ஜூன் வாக்கில் வந்து ஆகஸ்டில் திரும்புவார்கள். (கோடை என்பது அவர்களுக்குத்தான். நமக்கு அப்போது ஆடிக் காற்று!) சிலர் நம்மூர்க் குடும்பங்களோடு தங்குவார்கள். வகுப்பு முடிந்த பிறகும் தமிழ் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இப்படி வந்தவர்தான் அந்த அக்கா. என்னை விட நாலு வயது பெரியவர். மாடியில் அவர், கீழே நான். "சாயந்திரம் அவகூட ஒரு மணி நேரம் தமிழ்ல பேசுப்பா, அவளுக்கு உதவியா இருக்கும்" என்றார் அத்தை. நானும் தினமும் ஒரு மணி நேரம் பேசினேன். இங்கிலீஷில்!

ஏன் என்று கேட்டால், பிளஸ் டூ வரைக்கும் திருமயத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கேம்பஸ் இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வீட்டு மாடியிலேயே ஒரு அமெரிக்கர் வந்து உட்கார்ந்தால் எப்படி விடுவது? இரண்டாவது வாரமே அவர் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன்" என்று கேட்டார். நானும் சரி என்று இரண்டு வாக்கியம் தமிழில் சொன்னேன். மூன்றாவது வாக்கியம் தானாக இங்கிலீஷுக்குத் தாவிவிட்டது. அவர் நாகரிகமானவர். மறுபடி கேட்கவில்லை.

சரி, நான் மட்டும்தான் இப்படியா? ஒரு நாள் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டிக்காரரிடம், "கொய்யாப்பழம் கிலோ எவ்வளவுங்க?" என்று அழகாகக் கேட்டார். "சிக்ஸ்டி மேடம்!" என்றார் அவர். "அறுபதா? கொஞ்சம் குறைச்சுக்கோங்க." "நோ மேடம், ஃபிக்ஸ்டு ரேட்!" அமெரிக்கர் தமிழில் பேசுகிறார், மதுரைக்காரர் இங்கிலீஷில் பதில் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். என்னைப் பார்த்தே சிரித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. ஒரு ஆங்கிலேயரோ அமெரிக்கரோ ஒரு மொழியில் ஓரளவு தேர்ச்சி பெற எவ்வளவு நேரம் ஆகும் என்று அது பட்டியல் போட்டிருக்கிறது. ஸ்பானிஷ், பிரெஞ்சு எல்லாம் சுலபமான வகை. தமிழ் கடினமான வகை. சுமார் 1100 மணி நேர வகுப்பு வேண்டுமாம். எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 160 மணி நேரம்தான் வருகிறது. மிச்சத்தில் கொஞ்சமாவது எங்கே கிடைக்கும்? டீக்கடையில், பஸ்ஸில், தங்கியிருக்கும் வீட்டில். அதற்காகத்தானே கடல் தாண்டி வருகிறார்கள்? வெறும் வகுப்பு என்றால் அவர்கள் ஊரிலேயே இருக்கிறதே. அந்த மிச்ச நேரத்தைத்தான் நாம் 'நோ மேடம்' சொல்லிப் பறித்துக்கொள்கிறோம்.

கடைசி வாரம் வந்தது. படிப்பு முடியும்போது வகுப்பில் பத்து நிமிடம் தமிழில் பேச வேண்டும் என்றார். எதைப் பற்றிப் பேசலாம் என்று யோசித்தபோது, "எங்க ஊர்க் கோட்டையப் பத்திப் பேசுங்கக்கா" என்று சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை காரைக்குடி போய் பஸ் மாறி இருவரும் திருமயம் போய்ச் சேர்ந்தோம். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பாறையைக் குடைந்து அருகருகே அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும், தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் என்று இங்கிலீஷில் ஒரு லெக்சர் தயாராக வைத்திருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. வீட்டில் அப்பத்தா இருந்தார்.

அப்பத்தாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. தெரியவில்லையே என்ற கூச்சமும் கிடையாது. "வாத்தா, உள்ள வா. சாப்புட்டியா? கூடப்பொறந்தது எத்தனை பேரு?" என்று ஆரம்பித்தார். அக்காவுக்கு 'கூடப்பொறந்தது' புரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். (காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.) அப்புறம் தன் வயிற்றைத் தொட்டு, என் அப்பாவையும் சித்தப்பாவையும் கை காட்டினார். அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஒரு தம்பி!" என்றார்.

மூன்று நாளும் இதே கதைதான். அம்மி, உலக்கை, சொளகு, அடுப்பங்கரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்லி அக்கா நோட்டில் எழுதினார். வாசலில் ஆடு வந்தபோது, "அப்பத்தா, ஆடு வந்துட்டாங்க" என்றார். மரியாதையாகப் பேச வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஆட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்! "ஆட்டுக்கு எதுக்குத்தா மருவாதி? வந்துருச்சுன்னு சொல்லு" என்றார் அப்பத்தா. எல்லோரும் சிரித்தோம், அக்காவும் சிரித்தார். ஆனால் மறுநாள் கோட்டை உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றபோது, "காத்து ஜாஸ்தியா அடிக்குது" என்று பிசகாமல் சொன்னார். முந்தின நாள் திருத்தம் அப்படியே பதிந்திருந்தது. இரண்டு மாதத்தில் நான் ஒரு தடவைகூட அவரைத் திருத்தியதில்லை. தப்பைச் சுட்டிக்காட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். உண்மையில் எனக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். வார்த்தைக்குப் பக்கத்தில் அதை யாரிடம் கற்றுக்கொண்டார் என்றும் எழுதி வைத்திருந்தார். டீச்சர், டீச்சர், அத்தை, டீச்சர். கடைசி ஆறு பக்கம் முழுக்க அப்பத்தா. என் பெயர் எங்கே என்று தேடினேன். இரண்டு மாதத்தில் நான் கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை. 'மொக்கை'.

மதுரையில் இத்தனை பேர் பேசியும் வராத தமிழ் மூன்று நாளில் எப்படி வந்தது என்று கேட்டேன். "எல்லாரும் ரொம்ப நல்லவங்கதான். ஆனா நான் ஒரு வாக்கியம் முடிக்கிற வரைக்கும் யாரும் காத்திருக்கல. அப்பத்தா காத்திருந்தாங்க" என்றார். தமிழில்தான் சொன்னார். முதல் தடவையாக நானும் அவர் முடிக்கும் வரை காத்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். 1838-ல் கால்டுவெல் வந்தார், அடுத்த வருடம் ஜி.யு. போப் வந்தார். இடையன்குடியிலும் சாயர்புரத்திலும் அவர்களுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லித் தப்பிக்கவிட ஊருக்குள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தமிழ் பேசினால்தான் காரியம் நடக்கும். ஒருவர் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். இன்னொருவர் 1886-ல் திருக்குறளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். தமிழைச் செம்மொழியாக அறிவிக்க வேண்டும் என்று 2000-ல் பெர்க்லி பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் கடிதம் எழுதினார், 2004-ல் அறிவிப்பு வந்தது. இதையெல்லாம் மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். அடுத்த ஜார்ஜ் ஹார்ட் ஆகக்கூடிய ஒருவர் கொய்யாப்பழ வண்டி முன்னால் நின்றால், 'சிக்ஸ்டி மேடம்'!

"விருந்தாளிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதுன்னுதானே இங்கிலீஷ் பேசுறோம்?" என்று சிலர் கேட்கலாம். சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது சரி. சிரமப்படுவதற்கென்றே வந்தவருக்கு அது உதவி இல்லை. நீச்சல் பழக வந்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றினால் அவன் எப்போது பழகுவான்?

அதற்காக இங்கிலீஷ் பேசுகிற நம்மாட்களை எல்லாம் 'பந்தா' என்று திட்டவும் எனக்கு மனசில்லை. அந்தப் பழக்காரருக்கும் எனக்கும் இங்கிலீஷ் என்பது சோறு. பயிற்சி கிடைக்கும் இடமும் குறைவு. ஆனால் கேட்டு வாங்கலாமே? அரை மணி உன் மொழி, அரை மணி என் மொழி என்று முதல் நாளே பேசி வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் லாபம். நான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அதுதான் உறுத்துகிறது.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் லீவுக்கு வரும் நம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அது திக்கித் திக்கி "மாமா... தண்ணி..." என்று ஆரம்பிக்கும்போதே, "வாட்டர் வேணுமா கண்ணா? கோல்டா, நார்மலா?" என்று நாம் முந்திக்கொள்கிறோம். பிள்ளை ஊருக்குத் திரும்பிய பிறகு, "அதுக்குத் தமிழே வரல" என்று குறை வேறு!

ஆகவே மக்களே, அடுத்த ஜூனில் யாராவது ஒருவர் உங்களிடம் உடைந்த தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக. தப்பாகப் பேசினால் அப்பத்தா மாதிரி திருத்துங்கள். முக்கியமாக, அவர் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருங்கள். செலவு ஒரு நிமிடம்தான்.

பத்து நிமிடப் பேச்சு நன்றாகப் போனதாம். "ஊருக்குப் போனா பேச ஆளே இல்ல, எல்லாம் மறந்துடும்" என்பதுதான் கடைசி நாளில் அக்காவுக்கு இருந்த பெரிய பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரம் என்று பேசி வைத்திருக்கிறோம். முதல் அரை மணி தமிழ், அடுத்த அரை மணி இங்கிலீஷ். போன ஞாயிறு நான் திருமயத்தில் இருந்தேன். தமிழ் அரை மணி முழுவதும் அப்பத்தா போனைத் தரவே இல்லை. இந்த வாரம் மதுரையில் இருக்கிறேன். காத்திருக்க வேண்டியது என் முறை.