மரத்தை எண்ணியது போதும், மரக்காலை எடுங்கள்!

நெய்வேலிக்கும் காரைக்காலுக்கும் என்ன உறவு என்று கேட்பார் உண்டு. உறவு உண்டு, தோழர்களே! புதுவை அரசு பெறும் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் பங்கு உண்டு. வாஞ்சூரில் 2009-இல் துறைமுகம் திறந்தது முதல் கப்பல் கப்பலாகக் கரி இறங்குகிறது. கரித்தூசி பற்றிய முறையீடு நாகூர் வரை எழுந்தது. இவை போதாதென்று, 2023 மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு என மூன்று இடங்களை ஏலப் பட்டியலில் ஏற்றியது டெல்லி சர்க்கார். காவிரிக்கரை கொதித்தது; பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்தது ஊர்ப் பெயரைத்தான். மண்ணுக்கடியில் கரி இருந்த இடத்திலேயே இருக்கிறது!

நாளை மீண்டும் வருவார்கள். வந்து என்ன சொல்வார்கள்? "தோண்டுவோம், எடுப்போம், மூடுவோம், மண்ணைப் பழையபடி ஆக்கித் தருவோம். சரியாகச் செய்கிறோமா என்று பார்க்கச் சோதனை அதிகாரிகள் இருக்கிறார்கள்" என்பார்கள். ஆகவேதான் நெய்வேலிச் சுரங்கத்தில் நடக்கும் சோதனை நம் வீட்டுக் காரியம் ஆகிறது.

1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. ஆலை எழுந்தது, நகரம் எழுந்தது, பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரத்தின் அடியில் கிடப்பது என்ன? வயலைக் கொடுத்தவன், தோப்பைக் கொடுத்தவன், குலதெய்வம் குடியிருந்த ஊரையே கொடுத்தவன் செய்த தியாகம்!

கரி எடுத்த குழியில் மண்ணைத் தள்ளி மூடுவது மட்டும் மீட்பு ஆகாது. மேல்மண் வேறு, அடிமண் வேறு. மேல்மண்ணில்தான் உழவனின் பாட்டன், முப்பாட்டன் இட்ட எருவின் வளம் இருக்கிறது. அதைத் தனியே வாரி, தனியே காத்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும். அடியிலிருந்த களியும் மணலும் மேலே வந்துவிட்டால் நெல்லுக்கு நாதியில்லை. கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கும், மேடு சரியும், மழைநீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு பரவனாற்றுக்கு ஓடும். சோதனைக்கு வருபவர் இத்தனையையும் பார்த்தாக வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை என்ன சொல்கிறது? ஜூன் முதல் நாளும் டிசம்பர் முதல் நாளும், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தைச் சுரங்கம் நடத்துபவர் எழுதித் தரவேண்டும். அது பொதுமக்கள் படிக்கத்தக்க ஆவணம். 2009-இல் நிலக்கரி அமைச்சகம் இன்னொரு விதி செய்தது: சுரங்கத்தை மூடி மீட்கும் செலவுக்குப் பணத்தை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும், வேலையைச் சரிபார்த்த பிறகே அது திரும்பும். நல்ல விதிகள்தாம்! ஆனால் அறிக்கை எழுதுபவர் யார்? சுரங்கக்காரர். சரிபார்ப்பவர் யார்? அதிகாரி. நிலத்தைக் கொடுத்தவன் எங்கே? வேலிக்கு வெளியே!

மீட்ட மண்ணில் நெய்வேலி நிர்வாகம் காடு வளர்த்திருக்கிறது, தோட்டம் போட்டிருக்கிறது, பயிர் வைத்தும் பார்த்திருக்கிறது. பாராட்டுவோம். ஆனால் எத்தனை இலட்சம் மரம் நட்டோம் என்ற கணக்கு, மரம் நட்ட கணக்குதானே? சவுக்கும் தைலமரமும் எந்த மண்ணிலும் எழுந்து நிற்கும். நெல் அப்படி நிற்குமா? வாங்கியது கழனி, காட்டுவது காடு! கடனாக நெல் வாங்கியவன் விறகைத் திருப்பிக் கொடுத்தால், சரி என்று பெற்றுக்கொள்வோமா?

தோழர்களே, அமெரிக்கா முதலாளிகளின் நாடு. அங்கே 1977-இல் செய்த சுரங்கச் சட்டத்தைப் பாருங்கள். சராசரி மாதம் ஒருமுறை பகுதிச் சோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல்! புகார் கொடுத்துச் சோதனைக்குக் காரணமான குடிமகன், அதிகாரியோடு சுரங்கத்துக்குள் போகலாம். வாங்கியது முதல்தர விளைநிலமா? அக்கம்பக்கத்து நிலத்துக்கு ஈடாக விளைந்து காட்டினால்தான் முழுப் பிணைத்தொகையும் கைக்கு வரும். டாலர் தேசத்தில் முடிந்தது, சோழ தேசத்தில் முடியாதா?

நம் அனுபவம் என்ன? 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்று வாய்க்காலுக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர் மீது மண்வாரி இயந்திரம் ஏறியது. அதே ஆண்டில் நெய்வேலி வட்டாரத்துத் தண்ணீரும் மண்ணும் கெட்டுக் கிடப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் அறிக்கை வெளியிட்ட பிறகுதான், பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. ஆண்டுதோறும் அறிக்கை மேல் அறிக்கை போயும், உண்மையைத் தேட வெளியாள் வரவேண்டியிருந்தது!

"சுரங்கத்தை மூடி எங்கள் பிழைப்பைக் கெடுக்கவா?" என்று தொழிலாளித் தோழர் கேட்கலாம். இல்லை, தோழரே! மண்ணைச் சமன் செய்ய, வரப்புக் கட்ட, வடிகால் வெட்ட, நீரையும் மண்ணையும் அளந்து பார்க்க ஆள் வேண்டாமா? மீட்பு வேலை ஒழுங்காக நடந்தால் கூடுதல் கைகளுக்குக் கூலி கிடைக்கும். உழவனும் தொழிலாளியும் ஒரே வீட்டில் உண்டு வளர்ந்த அண்ணன் தம்பிகள். ஒருவன் வயிற்றை எரித்து மற்றவன் அடுப்பு எரியவேண்டாம்.

நாம் கேட்பவை நான்கு. சொல்லாமல் வரும் சோதனை வேண்டும். நிலம் கொடுத்த ஊராரில் சிலர் அதிகாரியோடு உள்ளே போகவேண்டும். விளைநிலம் எடுத்த இடத்தில் விளைச்சலே அளவுகோலாக வேண்டும். அறிக்கை தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

காவிரிப் படுகையைக் கேட்டு நாளை எவர் வந்தாலும், காரைக்கால் முதல் கல்லணை வரை ஒரே கேள்வி எழட்டும்: "நெய்வேலியில் எடுத்த கழனியில் எத்தனை மரக்கால் நெல் திருப்பி அளந்தீர்கள்?" பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சைத் தொடங்கட்டும்!