லாரித் தொழில் சர்வே: யாரைக் கேட்கணும்?

லாரித் தொழில் எப்படி இருக்குன்னு சர்வே எடுக்கணும். எந்த நிறுவனங்களிடம் பேட்டி எடுப்பது? ஆபீஸ், மேனேஜர், வெப்சைட் உள்ள பெரிய கம்பெனிகளைப் பிடிப்பது சுலபம். சிக்கலே அங்கதான்.

இந்தியாவில் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது 5 வண்டிக்குள்தான். நாமக்கல், சங்ககிரி பக்கம் ஓனரே டிரைவராக ஓட்டுவதும் உண்டு.

பெரிய கம்பெனிகள் ஆலைகளோடு நேரடி ஒப்பந்தம் போடலாம். டீசல் விலை ஏறினால் வாடகையையும் ஏற்றிக் கேட்கலாம். சின்ன ஓனரோ புக்கிங் ஆபீஸ் சொல்லும் வாடகைக்கு ஓட்டணும். டீசல், டோல், இஎம்ஐ எல்லாம் அவர் தலையில்.

அதனால் வண்டி எண்ணிக்கைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கல் முறையில் ஆட்களை எடுக்க வேண்டும். வண்டியை விற்றுட்டுப் போனவர்களையும் தேடிக் கேட்கணும். இல்லாவிட்டால் 'தொழில் நல்லாத்தான் இருக்கு' என்றே ரிப்போர்ட் வரும்.